கூட்டம் வந்ததால் கெட்டதா இணையம்?

“இணையம் முன்பு போல் இல்லை” என்று புலம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தொண்ணூறுகளில் கணினியைத் தொட்டவர்கள், தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பார்த்தவர்கள், பிறகு வலைப்பூ எழுதியவர்கள் என்று இன்று ஐம்பதைத் தாண்டிய ஒரு தலைமுறை அலுத்துப்போய்க் கிடக்கிறது. “அன்றைக்கு எவ்வளவு தரமான விவாதங்கள்! இன்றைக்குக் கண்டவனெல்லாம் வந்து கத்துகிறான். ஸ்மார்ட்போனைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பழைய பட்டன் போன் போதும். ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறேன், அங்கே போய் நிம்மதியாக இருக்கப்போகிறேன்” என்கிறார்கள்.

நாங்களும் அந்த வயதுக்காரர்கள்தான். எங்களுக்கும் ஏமாற்றம் உண்டு, கோபமும் உண்டு. ஆனால் அந்தப் புலம்பலில் எங்கள் குரலைச் சேர்த்துவிடாதீர்கள் தோழர்களே. அவர்களுக்கு வந்த ஏமாற்றம் வேறு, எங்களுக்கு வந்தது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நட்டம் நமக்குத்தான்.

யாருடைய பொற்காலம்?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கிய நாள் 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் அதைக் கொடுத்தது. அதை வாங்க வீட்டில் தொலைபேசி வேண்டும், கணினி வேண்டும், ஆங்கிலம் வேண்டும். மூன்றும் ஒருசேர இருந்த வீடுகள் ஊரின் எந்தப் பக்கத்தில் இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு வாய்த்தது பிரவுசிங் சென்டர். நாலு பேர் காசு போட்டு ஒரு மணி நேரம் வாங்கி, ஒருவர் தட்டச்சு செய்ய மூவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

தமிழில் எழுதுவது அதைவிடப் பெரிய பாடு. ஒவ்வொரு நாளிதழுக்கும் ஓர் எழுத்துரு. ஒரு கணினியில் எழுதியது அடுத்த கணினியில் வெறும் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு ஒரு விசைப்பலகையைத் தரப்படுத்தியது. ஒருங்குறி பரவிய பிறகுதான், எழுதியது எழுதியபடியே எல்லாருக்கும் தெரிந்தது. இதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தோம். உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் காலத்தைத்தான் இன்று பொற்காலம் என்கிறார்கள். அது நாம் இல்லாத காலம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. காலனிப் பிள்ளைகள் கையிலும் போன் வந்தது. கட்டிடத் தொழிலாளி வீடியோ போட்டார், துப்புரவுத் தொழிலாளியின் மகள் எழுதத் தொடங்கினாள். “தரம் போய்விட்டது” என்ற பேச்சு உச்சத்துக்கு ஏறியது இதற்குப் பிறகுதான்.

இந்தத் ‘தரம்’ என்ற சொல் நமக்குப் புதிதா? மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளைகள் நுழைந்தபோது மருத்துவத்தின் தரம் போயிற்று என்றார்கள். அரசு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தபோது நிர்வாகத்தின் தரம் போயிற்று என்றார்கள். இப்போது இணையத்தின் தரம் போயிற்றாம். இடம் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை. புலம்புகிற எல்லாரும் சாதி வெறியர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. “கூட்டம் வந்ததால் கெட்டது” என்ற வாக்கியத்தைச் சொல்லும் முன், அந்தக் கூட்டம் யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நமக்குத் தந்த வாக்குறுதி

நாம் இணையத்துக்கு வந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. அச்சுப் பத்திரிகையின் கதவு நமக்குத் திறக்காததால் வந்தோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியதும் இதே காரணத்தால்தான். அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகர் தொடங்கிய ‘கேசரி’ அதை வெளியிட மறுத்தது. அச்சகம் வைத்திருந்தவர்கள், எதை அச்சிடலாம் என்பதைத் தீர்மானித்தார்கள்.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வு மையம், தன் ஆய்வாளர் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை மென்பொருளை உரிமைத்தொகை இல்லாமல் உலகுக்குத் திறந்துவிட்டது. யாரும் பயன்படுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நம்மை ஈர்த்தது அதுதான். திரையில் தெரிவது எழுத்து மட்டும். எழுதியவன் எந்தத் தெரு, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவன் என்று எழுத்துருவில் தெரியாது. ஆசிரியர் தயவு வேண்டாம், தனிக் குவளையும் இல்லை. அதை நம்பி உழைத்தோம்.

அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. அதைக் கெடுத்தது கூட்டம் அல்ல. கெடுத்தவர்கள் மூன்று வகையினர்.

முதல் வகை: சாதியைச் சுமந்து வந்தவர்கள்

திருமணத் தளங்கள் சாதியையும் உட்சாதியையும் தேர்வுப் பெட்டிகளாக்கின. தரகர் நாலு ஊர் சுற்றிச் செய்ததை இன்று ஒரு சொடுக்கில் செய்யலாம். அடுத்து வந்தவை பெருமிதப் பாட்டு, அரிவாளோடு ரீல்ஸ், சாதிக்கொரு வாட்ஸப் குழு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிறு கையில் மட்டும் இல்லை. அதே நிறங்கள் அதே பிள்ளைகளின் ஸ்டேட்டஸிலும் இருக்கின்றன. அவற்றை அறுப்பது யார்?

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் குரல்பதிவுகள் வெளியிட்டார். அவரைக் கதாநாயகனாக்கிக் கொண்டாடியது ஒரு கூட்டம். ஆணவக் கொலைக்கு இணையம் மேடை போட்டுக் கொடுத்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

இரண்டாம் வகை: இணையத்தை உடைமையாக்கிக்கொண்டவர்கள்

2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சி இந்தியா வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கச் சொல்லும் ஒரு சுவரொட்டியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அது ஒரு தலித் பெண் கலைஞரின் படைப்பு. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுவனம், இது எங்கள் கருத்தல்ல என்று கழன்றுகொண்டது. அதன் உயர் அதிகாரி மன்னிப்பும் கேட்டார். கேட்டது நம்மிடம் அல்ல.

2020 ஜூனில் கலிபோர்னியா அரசின் துறை ஒன்று, சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளாக்கப்பட்டார் என்று வழக்குத் தொடுத்தது. அவர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை அங்கேயும் ஒரு மேலாளர் பரப்பினார் என்பது குற்றச்சாட்டு. ஏழு கடல் தாண்டியும் ‘நீ எந்தக் கோட்டாவில் வந்தாய்’ என்ற கேள்வி விடவில்லை.

2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் சாதி பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தார் தேன்மொழி சௌந்தரராஜன். ஊழியர்கள் சிலர் எதிர்த்தார்கள், பேச்சு ரத்தானது. இது வேறொன்றை நினைவூட்டவில்லையா? 1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமை உரைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் மாநாட்டையே ரத்து செய்தது. அம்பேத்கர் அந்த உரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சடித்தார். இரண்டு மாதத்தில் அத்தனையும் தீர்ந்தன. ‘சாதி ஒழிப்பு’ இன்று நம் கையில் இருப்பது அழைத்தவர்களால் அல்ல, அச்சடித்ததால். இதை மறக்காதீர்கள், கடைசியில் இதற்கு வருவோம்.

மூன்றாம் வகை: இயந்திரத்தை நம் மீது ஏவியவர்கள்

இதுதான் எங்களுக்கு ஆறாத கோபம். அலுத்துப்போன கணினிக்காரர்கள் தூக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். நம் மக்களுக்குத் தொழில்நுட்பம் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். கல் உடைத்த விரலும், சிமெண்ட் குழைத்த விரலும், தோல் பதனிட்ட விரலும் அந்தக் கருவிக்கு விரலாகவே தெரிவதில்லை. “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் யார்? உழைத்து ரேகை தேய்ந்தவர்கள். 2017இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரை இணைக்கவில்லை என்று ரேஷனை நிறுத்தியதால் பட்டினியில் செத்தாள் என்றது குடும்பம். நோயால் செத்தாள் என்றது அரசு. ரேஷன் நின்றிருந்தது என்ற கேள்விக்கு நோய் பதிலாகுமா?

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. தொழிலாளர்களை நிற்க வைத்து நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் படம் ஏறாவிட்டால், மண் சுமந்த பெண்ணின் அன்றைய உழைப்பு கணக்கில் நிற்பதே சந்தேகம். குறை செயலியுடையது, கூலி போவது அவளுடையது.

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கைக்கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறார்கள். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அடுத்த ஆண்டே மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை எட்டியது. 2018இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் ஆள்துளையில் இறங்கும் ‘பாண்டிகூட்’ என்ற எந்திரத்தையே செய்து காட்டினார்கள். ஆக, அறிவும் இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது. இருந்தும் குழிக்குள் மனிதர் இறங்கிச் சாவது நிற்கவில்லை. குழிக்குள் போக வேண்டிய தொழில்நுட்பத்தை, குழியில் இறங்குகிறவரின் மணிக்கட்டில் கட்டியிருக்கிறார்கள். நம் ஏமாற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

இணையத்தை விட்டு விலகுவதைப் பெருமையாகச் சொல்கிறார்களே, நம்மிடமிருந்து இணையத்தை அரசே பிடுங்கிய நாட்கள் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீர்த்துப்போவதை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று நடந்த பாரத் பந்தின்போது வட மாநிலங்களின் பல பகுதிகளில் இணையம் துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. நாம் பேசுவதைக் கண்டு அவர்கள் அஞ்சுகிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் எந்திரத்தை உடைப்பதா?

“எந்திரமே வேண்டாம், கிராமத்துக்குத் திரும்புவோம்” என்ற பேச்சுக்கு அம்பேத்கர் 1945இலேயே பதில் சொல்லிவிட்டார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று அவர் எழுதிய நூலில், காந்தியத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். எந்திரத்தால் தீமைகள் விளைந்திருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் எந்திரம் அல்ல, தனிச்சொத்தையும் தனிலாபத்தையும் புனிதமாக்கிய சமூக அமைப்பு என்கிறார். உடல் நோகும் உழைப்பிலிருந்து ஓய்வு கிடைத்தால்தான் மனிதன் பண்பாட்டோடு வாழ முடியும், அந்த ஓய்வைத் தருவது எந்திரம், எனவே மாற்ற வேண்டியது சமூகத்தை என்பது அவர் வாதம்.

கிராமத்துக்குத் திரும்புகிறவருக்கு அங்கே இரண்டு ஏக்கர் இருக்கிறது. நமக்கு அங்கே என்ன இருக்கிறது? தனிச் சுடுகாடு இருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லும் தெரு இருக்கிறது. கைபேசியைத் தூக்கிப் போடுவது அவருக்கு நிம்மதி. வன்கொடுமை நடக்கும் இரவில் கைபேசி இல்லாத சேரிக்கு அது சாவு.

கோகுல்ராஜ் வழக்கின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நேரில் பார்த்த முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தது. கோயில் சிசிடிவி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, மறு ஆண்டு உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டதையும் நாடு பார்த்தது ஒரு கேமரா வழியாகத்தான். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தை எந்தப் பத்திரிகை ஆசிரியரின் அனுமதிக்கும் காத்திராமல் மாணவர்கள் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். குரல்பதிவு வெளியிட்டவனுக்கும் கருவி உதவியது, அவனைச் சிறைக்கு அனுப்பவும் கருவி உதவியது. கருவி யார் கையில், யார் கட்டுப்பாட்டில் என்பதுதான் சண்டை.

உங்களிடம் கேட்பது

அயோத்திதாசரின் இதழ்கள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் நம் மக்கள் அந்தத் தாள்களைப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவர முடிந்தது. சுரங்கத் தொழிலாளி காத்த காகிதம் தொண்ணூறு ஆண்டு நின்றது.

இணையத்தில் எழுதியதன் ஆயுள் என்ன? ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. இருபதாண்டு உரையாடலும் ஒரு நிறுவனத்தின் ஓர் அறிவிப்பில் போய்விடும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் நீங்கள் இன்று போடும் எல்லாம் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருள்தான். திண்ணைக்காரர் எப்போது வேண்டுமானாலும் தூக்கி வீசலாம். திண்ணையின் குணம் நமக்குத் தெரியும்.

அதற்காகத் திண்ணையை விட்டு இறங்காதீர்கள், அங்கே கூட்டம் இருக்கிறது. ஆனால் சொந்தமாக ஓர் இடம் கட்டுங்கள். அமைப்பின் பெயரில் சொந்த இணையதளம், சொந்த மின்னஞ்சல் பட்டியல், அறிக்கைகளுக்கும் படங்களுக்கும் குறைந்தது இரண்டு இடத்தில் நகல், முக்கியமானவற்றுக்கு அச்சுப்படி. செலவு அதிகமில்லை, ஒழுங்குதான் வேண்டும்.

இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் திருப்பித் திட்டிவிட்டு நகராதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அங்கேயும் செல்லும். இணையத்தில் ஏற்றப்பட்ட காணொளியும் பொதுமக்கள் பார்வையில் நடந்த இழிவுதான் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. பதிவின் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி முழுத் திரையைப் படம் எடுங்கள். எடுத்த கருவியை மாற்றாமல் வையுங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. முதல் நாளே வழக்கறிஞர் தோழரிடம் கொண்டுபோங்கள்.

ரேகை விழாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களை உங்கள் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுங்கள். படம் ஏறாமல் கூலி போனவர்களின் பட்டியலைத் தேதியோடு தயாரியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேளுங்கள். கணினி படிக்கும் தோழர்கள், அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்கு விளக்குங்கள். செயலி தவறு செய்யாது என்று அதிகாரி சொல்லும்போது, செய்யும், இந்த இடத்தில் செய்கிறது என்று காட்டுகிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும்.

அலுத்துப்போனவர்கள் விலகட்டும். அவர்களுக்குப் போக இடம் இருக்கிறது. நாம் மூன்று தலைமுறையாகப் பள்ளி, பேருந்து, அச்சு என்று ஒவ்வொன்றிலும் சண்டை போட்டுத்தான் உட்கார்ந்தோம். இங்கேயும் எழுந்து போகப்போவதில்லை. இந்த வாரமே உங்கள் படிப்பகத்திலோ மாணவர் மன்றத்திலோ ஒரு வேலையைத் தொடங்குங்கள்: இதுவரை எழுதியவை, பேசியவை, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். தங்கவயலில் அந்த இதழ்களைப் பெட்டியில் வைத்தவர்கள் செய்ததும் அதே வேலைதான்.